டீச்சருக்கு எத்தனை அக்கா?

“மூணாங்கிளாஸ்ல ரெண்டு தடவை பெயிலானவ, நம்ம பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கா. இது அடுக்குமா?”

கிணற்றடியில் குடத்தை ‘ணங்’கென்று வைத்தாள் வெள்ளைத்தாய்.

புதுப்பட்டி பள்ளிக்கூடத்துக்கு ஞானசுந்தரி டீச்சர் வந்து பத்து நாள்தான் ஆகியிருந்தது. யாரிடமும் நின்று பேசுகிற ஆள் இல்லை. அதனால் ஊர்ப் பெண்கள் காலையில் பிள்ளைகளுக்குத் தலை பின்னிவிடும்போதே ஆளுக்கொரு கேள்வியையும் சொல்லி அனுப்பினார்கள். சாயங்காலம் பதில் வீடு வந்து சேர்ந்துவிடும்.

“யாரு சொன்னது மதினி?” என்றாள் பக்கத்து வீட்டுப் பஞ்சம்மாள்.

“அவளேதான். எம்மக ராமுத்தாய், நீங்க எம்புட்டுப் படிச்சிருக்கீகன்னு கேட்டிருக்கா. கூச்சமே இல்லாம இதச் சொல்லியிருக்கா.”

“பாவம், வீட்டுல யாரு கவனிச்சிருப்பாக? ஆறு அக்காமாருக்குப் பெறகு ஏழாவதாப் பொறந்தவளாம். எம்மக கேட்டுட்டு வந்தா.”

“ஆத்தாளும் இல்லையாம். சின்ன வயசுலயே போயிட்டாகளாம். நம்ம பட்டாசுக் கம்பெனி சோலைமலை மக முத்துப்பேச்சிகிட்டச் சொல்லியிருக்கா.”

இருவரும் டீச்சருக்காகக் கொஞ்ச நேரம் ‘உச்சு’க் கொட்டினார்கள். ஆனாலும் பெயில் பெயில்தானே?

சனிக்கிழமை காலை, ஹெட்மாஸ்டர் வீட்டுக்குக் கிளம்பிவிட்டாள் வெள்ளைத்தாய். ஒன்று, டீச்சரை மாற்ற வேண்டும்; இல்லையென்றால் ராமுத்தாயைப் பள்ளிக்கூடத்தைவிட்டு நிறுத்திவிடுவாள். அந்த வேகத்தில் நடந்தவள் முன்னால் விருதுநகர் பஸ் வந்து நின்றது. முறுக்கு வாசனையோடு ஒரு கூடை இறங்கியது. பின்னாலேயே ஓர் அம்மாள்.

“ஏன் தாயி, ஞானசுந்தரி டீச்சர் வீடு எங்கன இருக்கு?”

“நீங்க அவுகளுக்கு என்ன வேணும்?”

“நான் அவ அம்மா.”

வெள்ளைத்தாய் முதல் வேலையாக அந்த அம்மாளின் காலைப் பார்த்தாள். கால் தரையில்தான் இருந்தது. செருப்புகூடப் போட்டிருந்தது.

“பெத்த அம்மாவா?”

“பின்ன? எட்டு வருசம் இருக்கன்குடி மாரியம்மனுக்கு நேந்து பெத்த ஒத்தப் பிள்ளை.”

“ஒத்தப் பிள்ளையா? ஆறு அக்கா இருக்காகன்னு சொன்னாகளே.”

அந்த அம்மாள் கூடையைக் கீழே வைத்தாள். “எனக்குத் தெரியாம எனக்கு ஆறு பிள்ளையா?”

வெள்ளைத்தாய்க்கு உற்சாகம் பிறந்துவிட்டது. பெயிலோடு பொய்யும் சேர்ந்துகொண்டால் ஹெட்மாஸ்டரால் மறுத்துப் பேச முடியுமா? முதலில் பெயில் கதையை ஒப்பித்தாள்.

“பெயிலா? எஸ்.எஸ்.எல்.சி. வரைக்கும் அவதான் மொத ரேங்க்.”

“அது கிடக்கட்டும். உங்களையே செத்துப்போனதாச் சொல்லியிருக்காக.”

அந்த அம்மாளின் முகம் வாடியது. பஸ் போன திசையைப் பார்த்தபடியே கேட்டாள்.

“அத யாருகிட்டச் சொன்னா?”

“முத்துப்பேச்சின்னு ஒரு புள்ளகிட்ட. அதோட ஆத்தா போன தையிலதான் தவறிப்போனா. அன்னையிலயிருந்து யாருகிட்டயும் வாயே தொறக்காம இருந்துச்சு. இப்பத்தான் டீச்சர் டீச்சர்னு ரெண்டு வார்த்தை பேசுது.”

“ஆறு அக்கான்னு?”

“பஞ்சம்மா மககிட்ட. அது அஞ்சாவது பொட்டப்பிள்ளை. வேண்டாத பிள்ளைன்னு ஊரே அதக் கேலி…”

வெள்ளைத்தாயின் குரல் இறங்கிக்கொண்டே வந்து நின்றுவிட்டது.

“பெயிலானேன்னு யாருகிட்டச் சொன்னா தாயி?”

ராமுத்தாய்க்கு மூணாங்கிளாஸில் இது ரெண்டாவது வருஷம். பள்ளிக்கூடம் என்றாலே தானியக் குலுக்கைக்குப் பின்னால் போய் ஒளிகிறவள், இந்தப் பத்து நாளும் விடிந்ததும் தானே சிலேட்டைத் துடைத்து வைத்துக்கொண்டு வாசலில் நிற்கிறாள்.

அந்த அம்மாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முந்தானையால் கண்ணையும் துடைத்துக்கொண்டாள்.

“என்னைய நல்ல காரியத்துக்குத்தான் கொன்னிருக்கா.”

எதிரே முத்துப்பேச்சி ஓடிவந்தாள். கூடையைப் பார்த்தாள். புது ஆளைப் பார்த்தாள்.

“இவுக யாரு பெரியம்மா?”

அந்த அம்மாள் என்ன சொல்வதென்று விழிக்க, வெள்ளைத்தாய் முந்திக்கொண்டாள்.

“டீச்சரோட சித்தி, தாயி. அம்மா இல்லாத பிள்ளையாச்சே, பாத்துட்டுப் போவோம்னு வந்திருக்காக.”