பொறி அடங்கும் இடம்

காஜா பெராங் வட்டாரத்து ஐஸ் தொழிற்சாலையின் டைனமோ அறையில் தம்பிராஜா நடுப்பகலிலேயே ஜன்னல்களைச் சாத்துகிறார். இருட்டில்தான் பொறி கண்ணுக்குப் படும். சுழலும் செம்பு உருளையை உரசும் கார்பன் துண்டுகள், செத்த டார்ச் பேட்டரிகளை உடைத்து அவரே அராவி எடுத்தவை; ஜப்பான்காரன் வந்தபின் வேறு கிடைப்பதில்லை. அவற்றின் விளிம்பில் நீலப் பொறி சடசடவென்று ஓடுகிறது. செம்பு கருகி மெஷின் நின்றால், அவரையும் சயாமுக்கு ரயில் பாதை போட லாரியில் ஏற்றிவிடுவார்கள். கார்பனைத் தாங்கும் வளையத்தை மெல்ல மெல்லத் திருப்பினால் பொறி அடங்கும் இடம் ஒன்று வரும். திருப்புகிறவருக்குப் பொறி தெரியாது. எதிரே நிற்பவர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். எப்போதும் திருப்புகிற நாகூர் மீரான் போன மாதமே சயாமுக்குப் போய்விட்டார். அவர் விட்டுச்சென்ற சவரக் கண்ணாடியை எதிர்ச்சுவரில் மாட்டி, அதில் பொறியைப் பார்த்தபடி தம்பிராஜா தானே திருப்புகிறார். நீலம் மெலிகிறது, ஊசிமுனையாகிறது, அணைகிறது. கண்ணாடி இருண்டுபோகிறது. டைனமோவின் இரைச்சலுக்கு மேல், பழக்கத்தில், "போதும் பாய், விடுங்க!" என்று கத்துகிறார். சேதி கேட்கத் தினமும் வந்து கதவுக்கு வெளியே நிற்கும் மீரானின் மனைவி சபியா, பலகையில் படபடவென்று தட்டுகிறாள். "அண்ணே… அவங்க வந்துட்டாங்களா?"