சிங்கப்பூர்த் தூண்டில்

காலையெல்லாம் சிமென்ட் மூட்டை ஏற்றியதில் பிச்சையாவின் தோள்பட்டை விண்விண்ணென்று தெறித்தது. குளத்தங்கரையில் அவர் பிடித்திருந்த தூண்டில் சேக்காளி இருதயத்துடையது. இருதயத்தின் மகன் சிங்கப்பூரிலிருந்து அனுப்பியது, உள்ளூரில் கிடைக்காதது. பெரிய கெண்டை ஒன்று கவ்வி, தூண்டிலின் நைலான் நரம்பை இழுத்தது.

"நரம்ப விடுல! ஓடிக் களைக்கட்டும்!" என்று கத்தினார் இருதயம்.

லாரியில் கயிறு தளர்ந்தால் பாரம் சரியும். அதற்கே பழகிய பிச்சையா, நரம்பு சுற்றிய ரீலை இன்னும் இறுக்கிப் பிடித்தார். தூண்டில் நடுவில் முறிந்தது. மீன் அறுத்துக்கொண்டு போனது.

"விடச் சொன்னேம்லா, மூதி."

"கை கேக்கலடே. மவன் வந்தா என்ன சொல்லுவ?"

"மீன் பெருசுன்னு சொல்லுவேன்."

முறிந்த துண்டுகளை ஓரமாக வைத்துவிட்டு, இருதயம் அவருடைய தோளைப் பிடித்துவிட்டார். பிச்சையாவுக்குச் சிரிப்பு வரவில்லை. இருதயத்துக்கு அவர் ஒரு தூண்டில் தரவேண்டும்.