எந்த எலும்பு?

இரத்தத்தில் ஒரு பழக்கம் உண்டு. புதிதாக யார் வந்தாலும், எலும்புக்குள் பிறந்து வரும் சிவப்பணுக்கள் முதலில் கேட்பது, "நீங்க எந்த எலும்பு?" என்றுதான். இடுப்பெலும்பில் பிறந்தவர்களுக்கு அதில் தனிப் பெருமை.

அன்று தயங்கித் தயங்கி வந்த புதியவரிடமும் ஓர் இடுப்பெலும்புக்காரர் கேட்டார்.

"எலும்பு இல்லீங்க, மயிர்க்கால். உச்சந்தலையில முடி வளர்த்துக்கிட்டிருந்த தோல் செல் நான். பிடுங்கி ஆய்வகத்துல வெச்சு, இப்படி இரத்தமா மாத்தி அனுப்பிட்டாங்க."

"மயிர்க்காலா!"

இடுப்பெலும்புக்காரர் சட்டென்று விலகினார். மற்றவர்களும் விலகினார்கள். பெரிய குழாய், விலக இடமிருந்தது.

நுரையீரலில் எல்லோரும் காற்றை ஏற்றிக்கொண்டு கிளம்பினார்கள். போகப் போகக் குழாய் குறுகியது. கால் சுண்டுவிரலுக்கு ஒருவர் பின் ஒருவராகத்தான் நுழைய முடியும். புதியவர் முன்னால் போனார். அவர் முதுகை உரசியபடியே இடுப்பெலும்புக்காரர் போக வேண்டியதாயிற்று.

சுண்டுவிரல் நீலம் பாரித்துக் கிடந்தது. புதியவர் இறக்கிய காற்றை ஒரே மூச்சில் இழுத்துக்கொண்டது. கொஞ்சம் நிறம் திரும்பியது.

அடுத்தவர் தொண்டையைச் செருமினார். "நான் இடுப்பெலும்பு."

"சரிங்க," என்றது சுண்டுவிரல். "காத்து எங்கே?"