அதே தண்ணீர்

கொல்லையில் மாமியார் பெரியநாயகி, மூத்த மருமகள் பாரதி, சின்ன மருமகள் தமிழினி, அவள் கணவன் திலீபன், அவன் தன் செராமிக் கம்பெனி வேலைக்கு லீவு போட்டுக் கூட்டி வந்திருந்த நர்சரிக்காரர் நல்லமுத்து.

அந்த வீட்டுக்கு வாழ வருகிறவள் ஒரு பழமரம் நட வேண்டும். பாரதியின் சப்போட்டா காய்த்துத் தொங்கியது. தமிழினியின் எலுமிச்சை கருகிவிட்டது. குழந்தையும் இல்லை. ராசியில்லாதவள் என்று பெட்டி கட்டச் சொல்லிவிட்டாள் பெரியநாயகி.

நல்லமுத்து எலுமிச்சை இலையைக் கிள்ளிப் பார்த்தார். "போர் தண்ணி உப்புங்க. சப்போட்டா தாங்கும், எலுமிச்ச தாங்காது. பொண்ணு மேல பழி போடாதீங்கம்மா."

தமிழினிக்கு உயிர் வந்தது.

"ரெண்டுக்கும் அதே தண்ணிதான?" என்றாள் பெரியநாயகி. "தாங்குறதுதான் இந்த வூட்டுக்கு வேணும்."

திலீபன் பெட்டியைத் தூக்கினான். தனிக்குடித்தனம் போகிறோம் என்று நினைத்துத் தமிழினி பின்னாலேயே நடந்தாள். அவன் பெட்டியைத் தெருவில் வைத்துவிட்டு உள்ளே திரும்பினான்.

"அண்ணே," என்று கொல்லையில் நின்ற நல்லமுத்துவுக்குக் குரல் கொடுத்தான். "நான் சொன்ன சப்போட்டா கன்னு தை முகூர்த்தத்துக்கு வேணும். மறந்துடாதீங்க."

கதவைச் சாத்தி உள்ளே பூட்டிக்கொண்டான்.