நாலு விரல் இடைவெளி

"தலையை வெளியே எடுங்க தம்பி! முதல்ல தலையை வெளியே எடுங்க!"

காருக்கு அடியில் தோள்வரை நுழைந்திருந்த போயன் எரிச்சலோடு ஊர்ந்து வெளியே வந்தான். ஒரு கையில் ரொட்டியும் மறு கையில் ஒரு பை குடைமிளகாயுமாக ஒல்லியான மனிதர் ஒருவர் நின்றிருந்தார். போன வாரம்தான் தரைத்தளத்துக்குக் குடிவந்தவர். பெயர் மிலெங்கோ.

"என்ன சார்?"

"காரு எதுமேல நிக்குது?"

"பாத்தா தெரியலையா? ஓட்டைச் செங்கல். பக்கத்துக்கு ரெண்டு. சைலன்சர் குழாய் மாத்தணும், இருபது நிமிஷ வேலை. நாளைக்கு மச்சினி கல்யாணம். இந்தச் சத்தத்தோட சர்ச்சுக்குப் போனா என் பொண்டாட்டி தோலை உரிச்சிடுவா."

"அதுக்கு நாளை வரைக்கும் காத்திருக்க மாட்டேன்!" என்று இரண்டாவது மாடியிலிருந்து குரல் வந்தது. அவன் மனைவி யாஸ்னா பால்கனிக் கம்பியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள்.

லெஸ்கோவாட்ஸ் ஊரில் செப்டம்பர் என்றால் எல்லா முற்றத்திலும் குடைமிளகாய் சுடும் வாசனைதான். மரத்தடியில் தகர அடுப்போடு உட்கார்ந்திருந்த பக்கத்து வீட்டு பேரோ சிரித்தான்.

"டேய் போயா, தவளை மாதிரி தரையோட ஒட்டிக் கிடக்கிற காரை வாங்காதேன்னு அப்பவே சொன்னேன். இப்ப பாரு, புத்தி சொல்ல வாத்தியார் வேற வந்துட்டார்."

மிலெங்கோ பேரோவின் பக்கம் திரும்பவே இல்லை. "தம்பி, ஒரு கையால காரைப் பக்கவாட்டுல லேசா தள்ளுங்க. ஒண்ணும் ஆகலைன்னா நான் பீர் வாங்கித் தரேன்."

போயன் சிரித்துக்கொண்டே தள்ளினான்.

செங்கல் விரிசல் விடவில்லை. முனகக்கூட இல்லை. ஒரே நொடியில் பொடியாகிப்போனது. கார் தடாலென்று இறங்கி, ஒருமுறை குலுங்கி நின்றது. சிவப்புத் தூசி எழும்பி மெல்ல அடங்கியது. அவன் தலை இருந்த இடத்தில் விட்டுவந்த கைவிளக்கு சப்பையாகிக் கிடந்தது. காருக்கும் தரைக்கும் நடுவே நாலு விரல் இடைவெளிகூட இல்லை.

யாஸ்னா வெறுங்காலோடு படியிறங்கி ஓடிவந்தாள். போயனின் தோளில் ஓங்கி ஒன்று வைத்தாள். பிறகு அவன் தலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு விடவேயில்லை.

போயன் கேட்டான். "அப்போ... இதை எப்படித்தான் தூக்குறது?"

"சக்கரம் வெச்ச ஜாக்கி யார்கிட்டயாவது இருக்கா? இரும்பு ஸ்டாண்டு ரெண்டு வேணும்."

பேரோ எழுந்து போய் நிலவறையிலிருந்து இரண்டையும் கொண்டுவந்தான்.

"காருக்கு அடியில ஜாக்கி போகாதுல்ல, அவ்வளவு தாழ்வா இருக்கே" என்றான் போயன்.

"அதுக்குத்தான் முதல்ல பலகை. தடிச்ச பலகை ரெண்டு போட்டு முன் சக்கரத்தை அதுமேல ஏத்துங்க. ஜாக்கிக்கு வழி கிடைச்சிடும். கியர்ல விட்டு ஹேண்ட் பிரேக் போடுங்க. பின் சக்கரத்துக்கு முன்னயும் பின்னயும் கட்டை வைங்க."

ஒவ்வொன்றாக நடந்தது. மிலெங்கோ எதையும் தொடவில்லை, சொல்லிக்கொண்டு மட்டும் நின்றார். கார் மெல்ல மெல்ல உயர்ந்தது.

"ஸ்டாண்டை வெறும் தார்மேல வைக்காதீங்க. வெயில்ல தார் இளகும். ஒரு கால் மட்டும் உள்ளே இறங்கும். அடியில பலகை போடுங்க."

"சரிண்ணே."

"கதவை மூடுங்கம்மா. வேலை முடியிற வரைக்கும் காருக்குள்ள யாரும் உக்காரக் கூடாது. ரேடியோ போடக்கூட."

திறந்த கதவில் சாய்ந்திருந்த யாஸ்னா சட்டென்று விலகினாள்.

"காரை ஸ்டாண்டுமேல இறக்குங்க. ஜாக்கியை எடுத்துடாதீங்க, தொட்ட மாதிரி அப்படியே நிக்கட்டும். உங்க ஸ்டெப்னியையும் ஜாக்கி கொண்டுவந்தவரோட ஸ்டெப்னியையும் பக்கத்துக்கு ஒண்ணா அடியில தள்ளுங்க. எல்லாமே கைவிட்டாலும் அது தாங்கும். இப்ப மூணு பேருமா முழு பலத்தோட தள்ளிப் பாருங்க."

தள்ளினார்கள். பேரோவின் கழுத்து நரம்பு புடைத்தது. ஆனால் கார் பாறை மாதிரி அசையாமல் நின்றது.

"அடேங்கப்பா!" என்றான் பேரோ. அதில் கேலி இல்லை.

போயன் அடியில் போய்க் குழாயை மாற்றினான். அவன் வெளியே வரும்வரை மிலெங்கோ உட்காரவில்லை. கையிலிருந்த ரொட்டியைக் கீழே வைக்கவும் இல்லை. அவன் கால், இடுப்பு, கடைசியாகத் தலை வெளியே வந்த பிறகுதான் மூச்சை விட்டார்.

யாஸ்னா சுட்ட குடைமிளகாயும் வெண்ணிறப் பாலாடைக்கட்டியும் தட்டில் வைத்து அவரிடம் நீட்டினாள்.

"எந்த ஒர்க்‌ஷாப்பில அண்ணே வேலை பாத்தீங்க? எத்தனை வருஷம்?"

"ஒர்க்‌ஷாப்பா? எனக்குக் கார் ஓட்டவே தெரியாதும்மா. இன்னிக்கு வரைக்கும் ஜாக்கியைக் கையால தொட்டதில்ல."

"பின்ன இவ்வளவும் எப்படித் தெரியும்?" பேரோவின் வாய் திறந்தபடி நின்றது.

மிலெங்கோ தட்டை வாங்கிக்கொண்டார்.

"நான் கல்லறைக் கல்லுல செத்தவங்க படம் செதுக்குறவன். இந்த மாதிரி காருக்கு அடியில மாட்டி உயிர் போனவங்களுக்கு அவங்க காரையும் பக்கத்துல செதுக்கச் சொல்வாங்க. நான் செதுக்கி முடிக்கிற வரைக்கும் அம்மாவோ பொண்டாட்டியோ கூடவே உக்காந்து, எதை வெச்சிருந்தா பொழைச்சிருப்பான்னு ஒவ்வொண்ணா சொல்லிக்கிட்டே இருப்பாங்க."