ஐந்தாவது ஆள்

"எவனோ ஒரு திருட்டுப் பயல் என் சாவுல கை வைக்கிறான், பாஸ்டர். அவன் யாருன்னு இன்னைக்குத் தெரிஞ்சாகணும்."

காலைக் காப்பி குடித்த கையோடு போன் போட்டு, போதகரை மூன்று மாடி ஏறி வரவழைத்துவிட்டார் முக்கால்.

எண்பது வயது. பழைய இரும்புக் கடை வைத்துத் தனி ஆளாக மேலே வந்தவர். யார் என்ன விலை சொன்னாலும் அதில் முக்காலுக்குத்தான் கேட்பார். சபையில் அதுவே பெயராகிவிட்டது. தன் அடக்க ஆராதனையைக்கூட அவர் பேரம் பேசாமல் விடவில்லை. பிரசங்கம் இருபது நிமிஷம் என்றார் போதகர். பதினைந்தில் படிந்தது. நாலு பாட்டு மூன்றாயிற்று. பெட்டியைத் தூக்க ஆறு பேர் என்றபோதுதான் திணறிப்போனார். ஆறில் முக்கால் நாலரை. அரை ஆளுக்கு எங்கே போவது? ஆறுக்கே ஒத்துக்கொண்டார்.

பேசி முடித்ததையெல்லாம் ஒரு தாளில் எழுதி வேதப்புத்தகத்துக்குள் வைத்திருந்தார். வம்பே அந்த ஆறு பேரில் ஐந்தாவது ஆளால்தான்.

ஐந்தாவது வரியில் "தம்பி" என்று இருக்கும். கோடு போட்டு அடிப்பார். மறுநாள் திறந்தால், அடித்ததற்குப் பக்கத்திலேயே மறுபடியும் "தம்பி". அதையும் அடிப்பார். அடித்து அடித்து அந்த இடத்தில் தாள் நைந்து நூலாகிவிட்டது.

தம்பி ஒன்பது வருஷத்துக்கு முன்னால் வரை கடையில் கூட இருந்தவர். ஒருநாள் நாலு வாடிக்கையாளர் நிற்கும்போதே, "அண்ணே, நம்ம தராசு தப்பு காட்டுது" என்று சொல்லிவிட்டார். பொய் சொல்கிறான் என்று அண்ணன் கத்தினார். வந்தவர்கள் அண்ணனைத்தான் நம்பினார்கள். பொய்யன் என்ற பேரோடு தம்பி அன்றைக்கே வெளியேறினார். இன்றுவரை கோயிலில் இவர் வலது பக்கப் பெஞ்சு, அவர் இடது பக்கப் பெஞ்சு.

"பேரை எழுதினான், பொறுத்துக்கிட்டேன்" என்றார் முக்கால். "இன்னைக்கு என்ன எழுதியிருக்கான் பாருங்க."

போதகர் தாளை வாங்கினார். "தம்பி"க்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் ஒரு வரி: தராசு விஷயத்தில் அவன் சொன்னதுதான் சரி.

"அது நிஜமாங்க ஐயா?"

"நிஜமோ பொய்யோ, அது வேற பேச்சு. அது உலகத்துலயே ரெண்டு பேருக்குத்தான் தெரியும். நான் ஒருத்தன், அவன் ஒருத்தன். அப்போ அவன் இந்த வீட்டுக்குள்ள வந்து போறான்னுதானே அர்த்தம்? கதவைத் திறந்துவிடறது யாரு?"

பார்வை மருமகள் மேல் போய் நின்றது. அவள் வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் சாப்பாட்டு டப்பாவை மூடிக்கொண்டிருந்தாள்.

"சின்ன மாமா முட்டி இருக்கற இருப்புக்கு மூணு மாடி ஏறுவாரா, மாமா?"

"அப்படிப்பட்டவன் என் பெட்டியை எப்படித் தூக்குவான்? அவனைத் தூக்கவே ஆறு பேர் வேணும்."

அடுத்து மகனை விசாரித்தார். வேதப்புத்தகம் எந்த அலமாரியில் இருக்கிறது என்றே தெரியாது என்று மகன் சொன்னான். போதகர் முன்னால் சொல்லக்கூடிய பதில் இல்லை அது. ஆனால் குற்றத்திலிருந்து தப்பிக்க உதவியது. கடைசியில் போதகரையே சந்தேகப்பட்டார். போதகர் சட்டைப்பையிலிருந்த நீலப் பேனாவைக் காட்டித் தப்பித்தார். தாளில் இருந்த எழுத்து முழுக்கச் சிவப்புப் பென்சில்.

"இந்த வீட்டுல சிவப்புப் பென்சில் யார்கிட்ட இருக்கு?" என்று கேட்டார் போதகர்.

"என்கிட்ட மட்டும்தான்" என்றார் முக்கால் பெருமையாக. "இரும்புல எடை குறிக்கிற பென்சில். கடையை மூடின பிறகும் காதை விட்டு இறங்கினதில்லை. ஒருத்தன் கையிலயும் கொடுத்ததில்லை."

சொல்லி முடித்தவர், தன் கை தானாகக் காதுக்குப் போவதைக் கவனித்தார்.

போதகர் ஜன்னல் பக்கம் பார்த்தார். மருமகள்தான் டப்பாவை வைத்துவிட்டுப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"விடிஞ்சதும் ஜெபம் பண்றீங்கல்ல, மாமா? பரமண்டல ஜெபத்துல மன்னிக்கிற இடம் வந்ததும் நின்னுடுவீங்க. அப்புறம் பென்சிலை எடுப்பீங்க. காப்பி குடிச்சு முடிக்கறதுக்குள்ள எழுதினது மறந்துபோயிடுது. தாளைப் பார்த்துட்டுக் கத்த ஆரம்பிச்சிடறீங்க."

"எத்தனை நாளா?"

"நாலு மாசமா."

"தெரிஞ்சும் ஏன் சொல்லலை?"

"டாக்டர்தான் மறதி ஆரம்பிச்சாச்சுன்னு சொன்னாரே. கண்ணாடியை மறக்கறீங்க, மாத்திரையை மறக்கறீங்க. என்னைக்காவது அந்தப் பேரை அடிக்கறதையும் மறந்துடுவீங்கன்னு பார்த்துக்கிட்டே இருந்தேன்."

முக்கால் பென்சிலைக் காதிலிருந்து எடுத்து உருட்டிக்கொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமை கோயிலிலேயே தம்பியிடம் ஒரு வார்த்தை பேசிவிடலாமே என்று போதகர் மெல்ல ஆரம்பித்தார்.

"முடியாது" என்று எழுந்துவிட்டார் முக்கால். "நாலு மாசமா திருட்டுத்தனமா எழுதறான், எழுதிட்டு ஒளிஞ்சுக்கறான், கோழைப் பய. வாயால சொல்ல வேண்டியதைப் பென்சிலால சொன்னா அது முக்கால்தான். இந்த விஷயம் முக்காலுக்குப் படியாது."

பென்சிலால் தன் நெஞ்சையே தட்டிக் காட்டிக்கொண்டு மருமகள் பக்கம் திரும்பினார்.

"அவனுக்கு ஒரு சட்டை எடுத்துக் கொடும்மா. தம்பி வாசல்ல போய் நின்னு, தராசு தப்புதான்டான்னு நாலு பேர் கேக்கற மாதிரி சொல்லட்டும். இப்பவே. மறக்கறதுக்குள்ள போகச் சொல்லு அவனை."