ஒன்றரை நிமிஷப் பாட்டு

ஹெல்மெட்டால் அடித்த இரண்டாவது அடியிலேயே எழிலனின் முன்பல் தெறித்து மணலில் விழுந்தது. காரைக்கால்மேட்டில் ஐஸ் பேக்டரிக்குப் பின்னால், மூன்று மணி வெயிலில், கலைவாணன் அவனைப் போட்டு அடித்துக்கொண்டிருந்தான்.

"நிலா பின்னாடி சுத்துறியா? என் தங்கச்சிடா அவ."

"எந்த நிலாண்ணே? எனக்கு அப்படி யாரையும் தெரியாது."

பொய் சொல்கிறான் என்று மூன்றாவது அடி வாயிலேயே விழுந்தது. அதற்குப் பிறகு எழிலனால் பேச முடியவில்லை. பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கிறவன் அவன். போட்டில் வயர்லெஸ் வேலை செய்யவில்லை, வந்து பார் என்று கலைவாணன் கூப்பிட்டதும், நம்பி டூல்ஸ் பையோடு அவன் பைக்கில் ஏறி வந்திருந்தான்.

கலைவாணனுக்குக் கோபம் எப்போதும் மூக்குக்கு மேல்தான் இருக்கும். அடிப்பதற்கு முன்னால் ஒழுங்காக ஒரு கேள்வி கேட்கிற வழக்கம் அவனுக்குக் கிடையாது. அப்பா போனபிறகு குடும்பத்தைக் கட்டிக்காப்பது தான்தான் என்ற நினைப்பு வேறு.

சனியன் மத்தியானமே பிடித்திருந்தது. சார்ஜர் தேடி அடுப்படிக்குப் போனவன் கண்ணில், மிக்சிக்குப் பக்கத்தில் சார்ஜில் கிடந்த நிலாவின் பழைய போன் பட்டது. அவள் புதுப் போன் வாங்கி ஆறு மாதமாகிறது. இது எதற்கு இன்னும் உயிரோடு இருக்கிறது என்று எடுத்துப் பார்த்தான். வாட்சப்பில் நிலா என்ற பேரும் பிறை படமும் அப்படியே இருந்தன.

பேசியிருந்தது ஒரே ஒருவனோடுதான். எழிலன் செல் சர்வீஸ். அனிமே என்கிற ஜப்பான் கார்ட்டூன் தொடர்களின் ஓப்பனிங் பாட்டும் எண்டிங் பாட்டும், ஒவ்வொன்றும் ஒன்றரை நிமிஷம், தினமும் இரண்டிரண்டாக அனுப்பியிருந்தான். அவன் பக்கம் வெறும் பாட்டுகள்தான், இந்தப் பக்கம்தான் எழுத்து. புரியாத பாஷையில் பாட்டு அனுப்பினால் வீட்டில் கண்டுபிடிக்க மாட்டார்கள் என்ற தைரியம் என்று கலைவாணன் பல்லைக் கடித்தான்.

'எல்லாரும் போயாச்சு. இப்ப அனுப்பு.' நேற்று மத்தியானம் ஒன்றரைக்கு இந்தப் போனிலிருந்து போன செய்தி அது.

'நேத்து ஓப்பனிங்தான் இதுவரைக்கும் முதல் இடம். வாளத் தூக்கிக்கிட்டு அவ மழையில ஓடி வர்றாளே, அத இருபது தடவ பாத்துட்டேன்.'

'இந்த எண்டிங்ல ஒருத்தி ரயில்ல ஜன்னலோரமா உக்காந்து போய்க்கிட்டே இருக்கா. எங்க போறேன்னு யாரும் கேக்கல. அது நானா இருக்கக் கூடாதா?'

'இந்த வீட்டுல மூச்சு முட்டுது. நாள் முழுக்க எனக்குன்னு இருக்கிறது இந்த ஒன்றரை நிமிஷம்தான்.'

ரயில் என்று படித்ததுமே, ஓடிப்போகத்தான் திட்டம் என்று முடிவுகட்டினான். தை பிறந்தால் நிலாவுக்குக் கல்யாணம். திருநள்ளாறு மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரிந்தால் ஊரில் தலை காட்ட முடியாது. போனைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு நேரே கடைக்குப் போனான்.

இப்போது எழிலன் கையை ஊன்றி எழுந்திருக்கப் பார்த்தான். அந்த வலது கையின்மேல் கலைவாணன் பூட்ஸ் காலை வைத்து, உடம்பின் பாரம் முழுவதையும் கொடுத்து அழுத்தினான். நறுக்கென்று விரல்கள் முறிந்தன. வலை பின்னிக்கொண்டிருந்தவர்கள் கத்திக்கொண்டு ஓடிவருவதைப் பார்த்தபிறகுதான் காலை எடுத்தான். பைக்கைக் கிளப்பும்போது எழிலன் அசையவில்லை.

நிலா கோட்டுச்சேரி பள்ளிக்கூடத்தில் டீச்சர். காலை எட்டு மணி பஸ்ஸில் போகிறவள் சாயங்காலம் ஐந்துக்குத்தான் திரும்புவாள். அதுவரை கலைவாணன் சட்டைகூட மாற்றாமல் கூடத்தில் உட்கார்ந்திருந்தான். அம்மா கமலாம்பாள் கொல்லையில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். அவளிடம் சொல்ல வேண்டும் என்று அவனுக்குத் தோன்றவே இல்லை. சமைத்துப் போடுவதைத் தவிர அவளுக்கு என்ன தெரியும்?

நிலா செருப்பைக் கழற்றுவதற்குள் பெல்ட் அவள் முதுகில் விழுந்தது. பழைய போனை அவள் முன்னால் வீசினான். அது என்னிடமே இல்லை, வீட்டிலேயே விட்டுவிட்டேன் என்று அவள் அழுதுகொண்டே சொன்னாள். சொல்லி முடிப்பதற்குள் கன்னத்தில் ஒன்று விட்டான். கட்டில் விளிம்பில் மோதி அவள் புருவம் கிழிந்தது.

மறுபடி ஓங்கிய பெல்ட் கீழே வரவில்லை. ஈரக் கையோடு ஓடிவந்த கமலாம்பாள் அதைப் பிடித்திருந்தாள். பக்கிள் அவள் மணிக்கட்டைக் கிழித்து ரத்தம் வந்தது, ஆனால் பிடியை விடவில்லை. கீழே கிடந்த போனைப் பார்த்தாள், மகனின் சட்டையைப் பார்த்தாள்.

"இது யாரு ரத்தம்?"

பாட்டு அனுப்பியவனுடையது என்றான் கலைவாணன். இனி அவன் ஜென்மத்துக்கும் எதையும் அனுப்ப மாட்டான் என்றும் சொன்னான்.

கமலாம்பாள் பெல்ட்டை இன்னும் இறுக்கிப் பிடித்தாள். பதினேழு வருஷம் புருஷனிடமும் எட்டு வருஷம் மகனிடமும் எதிர்த்துப் பேசாதவள் அவள்.

"அந்தப் புள்ள உயிரோட இருக்கா?"

"உனக்கு எதுக்கு அது? நீயும் இவளுக்குக் கூட்டா?"

பெல்ட்டை அவன் கையிலிருந்து பிடுங்கி எறிந்துவிட்டு, நிலாவை எழுப்பித் தனக்குப் பின்னால் நிறுத்திக்கொண்டாள்.

"அவளுக்கு ஒண்ணுமே தெரியாது. தினமும் அவன்கிட்ட பாட்டு கேட்டது நான்டா."